புது வீட்டுக்குப் பிளான் போடும் முன்: அறை அளவும் பணக் கணக்கும்

வீட்டுக்குப் பிளான் போட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அறை வைக்கலாம்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு: "எத்தனை சதுர அடியை நம்மால் கட்டி முடிக்க முடியும்?" தொடங்குவதற்குப் பணம் எப்படியாவது புரண்டுவிடும். பூச்சு, தரை, கதவு, குழாய் என்று வரும்போதுதான் கை வறண்டுபோகும். பாதியில் நிற்கும் வீடுகளில் பல, அளவு முடிவான அன்றே சிக்கிக்கொண்டவை. பிளானும் பட்ஜெட்டும் இரண்டு தாள்களாக இருக்கவே கூடாது. வரைபடத்தில் இழுக்கும் ஒவ்வோர் அடிச் சுவருக்கும் அஸ்திவாரம், செங்கல், இரண்டு பக்கப் பூச்சு, பெயிண்ட் என்று செலவு பின்னாலேயே வரும்.

1. பணத்திலிருந்து சதுர அடிக்கு வாருங்கள்

கையில் இருக்கும் சேமிப்பையும் உறுதியாகக் கிடைக்கும் கடனையும் கூட்டுங்கள். எதையாவது விற்றுப் போடலாம் என்ற எண்ணம் இருந்தால், அந்தப் பணம் கைக்கு வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். வந்த மொத்தத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் 10 பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். இது எதிர்பாராத செலவுக்கு. மனை நிரப்பிய மண்ணாக இருந்தாலோ, பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டுவதாக இருந்தாலோ 15 பங்கு. தோண்டிப் பார்க்கும்வரை அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பங்கை "நல்ல டைல்ஸ் போடலாமே" என்று எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அடுத்து, ஒப்பந்தக்காரர் சொல்லும் சதுர அடி விலைக்குள் பெரும்பாலும் வராத செலவுகள்:

- வரைபடம், பொறியாளர் கட்டணம், மண் பரிசோதனை, கட்டட அனுமதிக் கட்டணம்
- மனையை மேடாக்க மண் அடிப்பது
- சுற்றுச்சுவர், கேட், வீட்டைச் சுற்றிய தளம்
- தண்ணீர் இணைப்பு, தரைத்தொட்டி, செப்டிக் டேங்க் அல்லது சாக்கடை இணைப்பு
- மின் இணைப்பு, கட்டும் காலத்துத் தற்காலிக மின்சாரம்
- சமையலறை அலமாரி, துணி அலமாரி, விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை
- வேலை முடியும்வரை இப்போது இருக்கும் வீட்டின் வாடகை, வாங்கிய கடனுக்கு வட்டி

இவற்றுக்கு உங்கள் ஊரில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதுங்கள். பல வீடுகளில் இது 15 முதல் 25 பங்குவரை போகும். 20 என்று வைத்தால், 100-இல் 10-உம் 20-உம் போக மீதி 70. அந்த 70 பங்குப் பணத்தை, முழுதாக முடித்துக் கொடுக்கும் சதுர அடி விலையால் வகுங்கள். கிடைப்பதுதான் உங்கள் வீட்டின் மொத்தப் பரப்பு, எல்லா மாடிகளும் சேர்த்து. இந்த எண்ணைக் கேட்டதும் மனம் சுருங்கும். ஆனால் இந்த எண்ணுக்குள் நிற்கும் வீடுதான் கட்டி முடிக்கக்கூடிய வீடு.

சதுர அடி விலை கேட்கும்போது, எந்தப் பரப்புக்கு என்று கேளுங்கள். வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து அளப்பதா? பால்கனி, போர்டிகோ, மொட்டைமாடியில் ஏறும் படிக்கட்டு அறை இவையெல்லாம் முழுப் பரப்பாக எண்ணப்படுமா, பாதியாகவா? ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும்.

கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வங்கிகள் பொதுவாக ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணையை விடுவிக்கும். ஆகவே முதல் கட்டத்துக்கான பணம் சொந்தக் கையில் இருக்க வேண்டும்.

2. மனையை அளந்து பாருங்கள்

பத்திரத்தில் இருக்கும் அளவை நம்பி வரையத் தொடங்காதீர்கள். நான்கு பக்கத்தையும், இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளக்க வேண்டும். மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் மனை கோணலாக இருக்கிறது என்று பொருள். அரை அடிக் கோணல்கூட, பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், மனையில் எத்தனை பங்கில் கட்டலாம் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

மண் பரிசோதனையை "சின்ன வீடுதானே" என்று தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் களிமண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டால், சில ஆண்டுகளில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதைப் பூசி மறைக்கலாம், நிறுத்த முடியாது. குறைந்தது இரண்டு இடத்தில் மண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெருவின் மட்டத்தையும் சாக்கடையின் மட்டத்தையும் அளப்பது இதைவிட முக்கியம். தரைமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். கணக்கு இப்படி: பின்பக்கக் கழிப்பறையிலிருந்து தெருச் சாக்கடை 50 அடி தூரம். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்தால், 50 அடிக்கு 15 அங்குலம் இறங்கும். கழிப்பறையில் குழாய் தரைக்கு 18 அங்குலம் கீழே தொடங்குகிறது. அப்படியானால் தெருவுக்குப் போய்ச் சேரும்போது அது வீட்டுத் தரையிலிருந்து 33 அங்குலம் கீழே இருக்கும். சாக்கடையின் அடிமட்டம் தெருவிலிருந்து 24 அங்குலம்தான் கீழே என்றால், வீட்டுத் தரை தெருவைவிட 9 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். குழாய் சாக்கடையின் அடியில் மூழ்காமல் சற்று மேலே விழ இன்னும் 6 அங்குலம். தெருவுக்கு மறுபடி மறுபடி தளம் போட்டு மேடாக்குவார்கள், அதற்கும் இடம் விட வேண்டும். ஆக, இந்த மனையில் இரண்டரை அடி உயரம் வைப்பது நியாயம். இந்தக் கணக்கைப் போடாமல் கட்டிய வீடுகளில்தான் மழைக்காலத்தில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது.

3. பரப்பைப் பங்கு பிரியுங்கள்

கிடைத்த சதுர அடி முழுவதும் அறைகளுக்குக் கிடைக்காது. சுவர்கள் மட்டுமே 10 முதல் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 1200 சதுர அடி வீடு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். சுவர்களுக்கு 150, மாடிப்படிக்கு 85, நடைவழிக்கு 80. மீதி 885. அதில் கூடமும் சாப்பிடும் இடமும் சேர்த்து 280, சமையலறை 100, பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் ஒரு சின்ன இடம் 42, பெரிய படுக்கையறை 143, சின்னப் படுக்கையறைகள் இரண்டு 240, குளியலறையோடு சேர்ந்த கழிப்பறைகள் இரண்டு 80. கூட்டினால் 885, ஒரு சதுர அடியும் மிச்சமில்லை. இதற்குமேல் ஒரு படிப்பறை வேண்டும், மூன்றாவது கழிப்பறை வேண்டும் என்றால், எந்த அறையிலிருந்து எடுப்பது என்று இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே பேசலாம். குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டிய பேச்சு இது. சுவர் எழும்பிய பிறகு பேசிப் பயனில்லை.

அறைகளைப் பட்டியலிடும்போது இன்றைய நிலைமையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுக்கு ஆயுள் ஐம்பது ஆண்டு. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும், படி இல்லாமல் நுழையக்கூடிய ஒரு கழிப்பறையும் கட்டாயம் வேண்டும். அந்த அறைக்கும் அந்தக் கழிப்பறைக்கும் 3 அடி அகலக் கதவு வையுங்கள். கழிப்பறைக் கதவு வழக்கமான இரண்டரை அடியாக இருந்தால், நிலைக்கட்டையும் கதவின் தடிமனும் போகச் சக்கர நாற்காலி நுழையாது. முதுமையோ, கால் முறிவோ, எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

4. கட்டிலையும் அலமாரியையும் போட்டுப் பார்த்து அறையை அளவெடுங்கள்

கட்டக் காகிதத்தில் 1 சென்டிமீட்டருக்கு 2 அடி என்ற அளவில் வரைந்தால் ஒரு ஏ4 தாளில் 30க்கு 40 அடி வீடு அடங்கிவிடும். கட்டில், அலமாரி, சோபா, மேசை, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் அதே அளவில் வெட்டித் தாளின்மேல் நகர்த்திப் பாருங்கள். "10க்கு 12 அறை போதும்" என்று வாயால் சொல்வது வேறு, தாளில் நகர்த்திப் பார்ப்பது வேறு.

அந்த 10க்கு 12 அறையையே எடுத்துக்கொள்வோம். பெரிய கட்டில் 6 அடி அகலம், ஆறரை அடி நீளம். தலைமாட்டை 12 அடிச் சுவரில் வைத்தால், கால்மாட்டுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் மூன்றரை அடி மிஞ்சும். அங்கே அலமாரி வைக்கலாமா? துணி அலமாரியின் ஆழம் 2 அடி. மீதி ஒன்றரை அடியில் அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் கட்டிலின்மேல் உட்கார வேண்டியதுதான். சரி, அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றினால்? 12 அடியில் கட்டில் 6, அலமாரி 2, இரண்டு பக்கமும் தலா 2 அடி நடைவழி. பொருந்துகிறது. ஆனால் அந்த 2 அடி வழியில் ஒன்றரை அடிக் கதவைத் திறந்துகொண்டு நிற்பது நெருக்கடிதான், நகரும் கதவு வைத்தால் சமாளிக்கலாம். அறையின் கதவும் ஜன்னலும் எங்கே வருகின்றன என்பதும் இனிமேல்தான். இதே அறை 11க்கு 13 ஆனால் இந்தச் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடும். 23 சதுர அடிதான் கூடுதல். ஒரு சின்ன அறைக்கு 5 அடி அகலக் கட்டில் போதும் என்று முடிவெடுத்தால், அதையும் தாளில் போட்டு உறுதி செய்யுங்கள்.

கதவை அறையின் மூலையை ஒட்டி வைப்பதா, தள்ளி வைப்பதா என்பதை அலமாரிதான் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் அலமாரி வரப்போகிறது என்றால் மூலையிலிருந்து 2 அடிக்குக் கொஞ்சம் மேலே தள்ளிக் கதவை வையுங்கள். எந்தப் பக்கம் திறக்கும் என்று கதவின் வீச்சை வரைபடத்தில் கால்வட்டமாகப் போட்டுவிடுங்கள். அதைப் போடாத வரைபடத்தில் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

சமையலறையில் மேடையின் ஆழம் 2 அடி. இரண்டு பக்கமும் மேடை என்றால் அறையின் உள்ளகலம் 8 அடி இருக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் 4 அடி கிடைக்கும். 7 அடி அகலத்தில் 3 அடிதான் மிஞ்சும், ஒருவர் குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தால் இன்னொருவர் கடந்து போக முடியாது. மேடையின் உயரத்துக்குப் பொது விதி தேட வேண்டாம். அதிகம் சமைக்கிறவர் நின்று முழங்கையை மடக்கட்டும், முழங்கையிலிருந்து 4 அங்குலம் கீழே மேடையின் மேற்புறம் வரட்டும். பலருக்கும் அது 32 முதல் 34 அங்குலத்தில் நிற்கும். தரையில் டைல்ஸ் போட்ட பிறகு வரும் உயரம் இது, வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்தால் மேடை தாழ்ந்துவிடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் குறைந்தது 2 அடி காலி மேடை விடுங்கள். வெட்டுவதும் கலப்பதும் அங்கேதான். ஜன்னல் தொட்டிக்கு மேல் வரட்டும், அடுப்புக்கு நேரே வந்தால் காற்று தீயை அலைக்கழிக்கும்.

குளியலறை 5க்கு 8 இருந்தால் வசதி. கதவருகே கைகழுவும் பேசின், நடுவில் கழிப்புப் பீங்கான், கடைசியில் குளிக்கும் இடம். இப்படி வைத்தால் கதவருகே எப்போதும் காய்ந்த தரை. பீங்கானின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 18 அங்குலம், குறைந்தது 15. முன்னால் 2 அடி காலி இடம். எந்த மாடல் பீங்கான் என்பதைக் குழாய் பதிக்கும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். தரையில் இறங்கும் வகையா, சுவருக்குள் போகும் வகையா, தரையில் இறங்கினால் சுவரிலிருந்து 9 அங்குலமா 12 அங்குலமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். குழாய் ஒரு அளவில், பீங்கான் வேறு அளவில் வந்தால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

5. மாடிப்படியை முதலிலேயே கணக்கிடுங்கள்

பிளானில் கடைசியாக இடம் ஒதுக்கப்படுவது படிக்கட்டு, அதனால்தான் பல வீடுகளில் அது செங்குத்தாக நிற்கிறது. ஒரு படியின் உயரம் 6 முதல் 7 அங்குலம், காலை வைக்கும் அகலம் 10 முதல் 11 அங்குலம். உயரத்தை இரட்டித்து அகலத்தோடு கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வர வேண்டும். ஏறும்போது கால் தானாக ஒத்துக்கொள்ளும் அளவு அது.

கீழ்த் தரையிலிருந்து மேல் தரைக்குப் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். படிக்கு 7 அங்குலம் என்றால் 18 படிகள். பாதியில் திரும்பும் படிக்கட்டில் பக்கத்துக்கு 9 உயரம், அதற்குக் கால் வைக்கும் மிதிகள் 8, தலா 10 அங்குலம் வீதம் 80 அங்குலம். அதாவது 6 அடி 8 அங்குலம். திரும்பும் மேடைக்கு 3 அடி, கீழே படி தொடங்கும் இடத்தில் நிற்க 3 அடி. மொத்த நீளம் 12 அடி 8 அங்குலம். அகலம், 3 அடி வீதம் இரண்டு வரிசையும் நடுவில் அரை அடியும் சேர்த்து ஆறரை அடி. இது ஏறத்தாழ 82 சதுர அடி, மேலே ஒதுக்கிய 85-க்குள் அடங்கும். இதை 50 சதுர அடியில் அடக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், படியின் உயரம் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

உயரத்தைக் கணக்கிடுவது முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு. இங்கேதான் அடிக்கடி பிசகுகிறது. கான்கிரீட் படிகள் எல்லாம் 7 அங்குலமாகச் சரியாக வார்த்திருப்பார்கள். பிறகு கீழ்த் தரைக்குக் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறும், படியின்மேல் ஒட்டும் கல் 1 அங்குலம்தான். முதல் படி 5 அங்குலமாகச் சுருங்கிவிடும். மேல் தரையும் 3 அங்குலம் ஏறினால் கடைசிப் படி 9 அங்குலம். மற்ற எல்லாப் படியிலும் 7-க்குப் பழகிய கால், அந்த இரண்டு இடத்தில் தடுக்கும். இறங்கும்போது இது ஆபத்து. கான்கிரீட் வார்க்கச் சென்ட்ரிங் (பலகை அச்சு) அடிக்கும் முன் தரைப் பூச்சின் தடிமனை மேஸ்திரியிடம் எழுதிக் கொடுத்தால் முதல் படியையும் கடைசிப் படியையும் அதற்கேற்ப வார்த்துவிடுவார்.

6. செலவு குறையும் இடங்கள்

பணத்தை மிச்சப்படுத்த மலிவான கம்பியும் சிமெண்டும் வாங்குகிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய மிச்சம் வரைபடத்தில் இருக்கிறது.

30க்கு 40 அடியில் 1200 சதுர அடி வீட்டின் சுற்றளவு 140 அடி. அதே 1200 சதுர அடியை 20க்கு 60 ஆக நீட்டினால் 160 அடி. 40க்கு 40 சதுரத்தில் ஒரு மூலையை 20க்கு 20 வெட்டி எல் வடிவமாக்கினாலும் 1200 சதுர அடிதான், சுற்றளவு 160 அடிதான். அந்தக் கூடுதல் 20 அடிக்கு 20 அடி அஸ்திவாரம், 10 அடி உயரத்தில் 200 சதுர அடி வெளிச்சுவர், உள்ளும் புறமும் பூச்சு. வீட்டுக்குள் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. வெளிச்சமோ காற்றோ தேவைப்பட்டு வளைத்தால் சரி, முகப்பு அழகுக்காக வளைப்பதாக இருந்தால் விலை தெரிந்து வளையுங்கள்.

மாடிச் சுவர் கீழ்ச் சுவரின்மேல் வரட்டும், தூண்கள் ஒரே வரிசையில் நிற்கட்டும். மேலே ஒரு சுவரை அறையின் நடுவில் நிறுத்தினால் அதைத் தாங்க ஒரு கனமான பீம், அந்த பீமுக்காகத் தூண், தூணுக்காகப் பெரிய அஸ்திவாரம் என்று செலவு கீழ்வரை இறங்கும். குளியலறைகளையும் சமையலறையையும் முதுகோடு முதுகாக, மாடியில் நேர் மேலாக வையுங்கள். குழாய் குறையும், எங்கே கசிகிறது என்று தேடுவதும் எளிது. படுக்கையறைக்கு மேலே குளியலறை வந்தால் கசிவு என்றைக்காவது கூரையில் படமாகத் தெரியும்.

பின்னால் மாடி கட்டும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கட்டமைப்புப் பொறியாளரிடம் சொல்லுங்கள். அஸ்திவாரத்தையும் தூணையும் பிறகு பெரிதாக்குவது மிகக் கடினம். மேலே நீட்டிவிட்ட கம்பிகளை அப்படியே மழையில் விடாமல் மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள்.

7. வெயில், காற்று, மின்சாரம், தண்ணீர்

மேற்கு வெயில் சாய்வாக வரும். ஜன்னலுக்கு மேலே நீட்டும் சன்ஷேடால் அதைத் தடுக்க முடியாது. மேற்குப் பக்கம் படிக்கட்டு, குளியலறை, சேமிப்பு அறை வைத்தால் படுக்கையறை தப்பிக்கும். ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் பரப்பு, தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். காற்று ஓட எதிரெதிர்ச் சுவரில், முடியாவிட்டால் அடுத்தடுத்த சுவரில் இரண்டு திறப்பு. ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் நன்றாக உள்ளே வரும். மேல்விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால் 14 அடி வெளிச்சம். 20 அடி ஆழக் கூடத்துக்கு ஒரே பக்கம் ஜன்னல் வைத்தால் பின்பாதியில் பகலிலும் விளக்கு எரியும்.

மின் வரைபடத்தை, கட்டில் மேசை போட்ட அந்தத் தாளின்மேலேயே குறியுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் பிளக் பாயின்ட், படுக்கையிலிருந்தும் கதவிலிருந்தும் இயங்கும் இருவழி சுவிட்ச், மாடிப்படிக்கும் அப்படியே. தண்ணீர் சூடாக்கி, ஏசி, ஓவன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைன். சுவருக்குள் மறையும் (கன்சீல்டு) குழாய்களைப் பதித்த பிறகு, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.

மேல்தொட்டி 1000 லிட்டர் என்றால் தண்ணீரின் எடை மட்டும் 1 டன். அது தூண்களுக்கு மேல் உட்கார வேண்டும், கூரைக் கான்கிரீட்டின் (ஸ்லாபின்) நடுவில் அல்ல. தொட்டியின் அடி, மாடிக் குளியலறை ஷவருக்கு 5 அடிதான் மேலே இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.15 பார். பெரிய வட்ட ஷவரில் தண்ணீர் சொட்டும், கொட்டாது. தொட்டியை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அழுத்த மோட்டாருக்கு இடமும் லைனும் விடுங்கள்.

8. மனையில் சுண்ணாம்புக் கோடு

பிளான் முடிவானதும், அஸ்திவாரம் தோண்டும் முன், கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு முழு வீட்டையும் மனையில் போட்டுப் பாருங்கள். மூலை நேராக இருக்கிறதா என்பதற்கு 3, 4, 5 கணக்கு. 30க்கு 40 வீட்டுக்கு மூலைவிட்டம் சரியாக 50 அடி வர வேண்டும். கோடுகளுக்குள் நடந்து, கதவைத் திறப்பதுபோல் திறந்து, கட்டில் இடத்தில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: திறந்தவெளியில் எல்லா அறையும் உண்மையைவிடச் சின்னதாகத்தான் தெரியும். பதறிப்போய் அங்கேயே அளவைக் கூட்டினால் முதல் தாளில் போட்ட பணக் கணக்கு உடைந்துவிடும். இப்போது இருக்கும் வீட்டில் ஓர் அறையை அளந்துகொண்டு வந்து ஒப்பிடுங்கள்.

9. மதிப்பீடும் ஒப்பந்தமும்

மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும் தாளை ஏற்காதீர்கள். மண் தோண்டுதல் எத்தனை கன அடி, கான்கிரீட் எவ்வளவு, சுவர் எவ்வளவு, பூச்சு எத்தனை சதுர அடி என்று அளவுப் பட்டியல் வேண்டும். அதில் ஓரிரண்டை நீங்களே சரிபார்க்கலாம். 1000 சதுர அடிக் கூரை 5 அங்குலத் தடிமனில் ஏறத்தாழ 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் சுமார் 95 மூட்டை சிமெண்ட். பீம் சேராமல், ஸ்லாபுக்கு மட்டும் கம்பி கன மீட்டருக்கு 80 கிலோ வீதம் 950 கிலோ சுமாராக வரும். சரியான கம்பிக் கணக்கைப் பொறியாளரின் வரைபடம் சொல்லும். பட்டியலில் இருக்கும் எண் இதற்கு இரட்டிப்பாகவோ பாதியாகவோ இருந்தால் ஏன் என்று கேட்க இது போதும்.

"நல்ல தரமான டைல்ஸ்", "முதல் தரக் கதவு" என்ற சொற்களுக்கு ஒப்பந்தத்தில் மதிப்பே இல்லை. டைல்ஸின் அளவு, சதுர அடிக்கு அதிகபட்ச விலை, கம்பியின் தரம், சிமெண்ட் வகை, மின்கம்பியின் தடிமன், பெயிண்ட் எத்தனை கோட் என்று எழுதுங்கள். நடுவில் எதையாவது மாற்ற நினைத்தால், கூடுதல் தொகையை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்கட்டும். "பார்த்துப் பண்ணிக்கலாம்" என்று விட்ட மாற்றங்கள்தான் கடைசிக் கணக்கில் சண்டையாக வரும்.

பணம் கொடுக்கும் முறைக்கு, ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டில், இப்படிப் பிரிக்கலாம்: முன்பணம் 10 சதவீதம், அஸ்திவாரமும் பேஸ்மென்ட்டும் முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) மட்டத்தில் 15, கூரை கான்கிரீட் முடிந்ததும் 20, பூச்சும் உள்குழாய்களும் முடிந்ததும் 15, தரையும் கதவு ஜன்னலும் முடிந்ததும் 15, பெயிண்ட் முடிந்து சாவி கைக்கு வரும்போது 5. முன்பணம் போக, நின்றிருக்கும் வேலையின் மதிப்பைவிடக் கொடுத்த பணம் எந்த நாளிலும் அதிகமாக இருக்கக் கூடாது. கூரை போட்டதோடு பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில், பூச்சு வேலைக்கு ஆள் வருவது குறையும்.

மீதி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் முடியும்வரை உங்களிடம் இருக்கட்டும். அந்த மழையில் மொட்டைமாடியில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த ஜன்னலோரம் ஈரம் கசிகிறது, குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகாலுக்கு ஓடுகிறதா என்று பார்த்துக் குறித்து, சரிசெய்த பிறகு கொடுங்கள்.